மலை இறங்குமுன்: மருத்துவக் காப்பீடு பற்றி நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பின்னிரவு, மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பங்கு இல்லத்துக்குத் தொலைபேசி வந்தது. பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வாழும் குடும்பம் அது. ஐம்பது வயதைத் தாண்டிய தந்தைக்குத் தாங்கொணா நெஞ்சுவலி. 108 ஊர்தி வந்து, மலைப்பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாய்க் கடந்து, விடியற்காலையில் அவரை மதுரைக்குக் கொண்டு சேர்த்தது. உயிர் பிழைத்தார். மறுவாரம் நாம் அவரைக் காணச் சென்றபோது, பிழைத்து வந்தவரின் வீட்டில் இருக்க வேண்டிய மகிழ்ச்சி அங்கே இல்லை. தனியார் மருத்துவமனையின் கட்டணம் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. மனைவியின் நகைகள் அடகுக் கடைக்கும், மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த ஒரு துண்டு நிலம் ஒத்திக்கும் போயிருந்தன.

"அரசின் காப்பீட்டு அட்டை இல்லையா?" என வினவினோம். அந்த அம்மாள் உள்ளே சென்று, தகரப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார். அது 2009-ஆம் ஆண்டு தொடங்கிய பழைய திட்டத்தின் அட்டை. அத்திட்டம் முடிவுற்று, 2012-இல் வேறு திட்டம் வந்து, ஆண்டுகள் பல கடந்துவிட்டன. செல்லாத அட்டையை அக்குடும்பம் வீட்டுப் பத்திரத்தைப் போலக் காத்து வந்திருக்கிறது!

"புதிய அட்டைக்கு முகாம் நடக்கிறதென்று கோயிலில் அறிவித்தோமே, அம்மா?" என்றோம்.

"வாசிச்சீங்க சாமி. அன்னிக்குப் பூண்டு பிடுங்குற நாள். அவ்வளவு அவசியம்னு எங்களுக்குத் தெரியலை."

அவர் நம்மைக் குறை கூறவில்லை. ஆயினும் அச்சொல் நம்மைத் தைத்தது. திருமண ஓலைகளுக்கும் கோயில் கணக்குக்கும் இடையே அந்த அறிவிப்பையும் ஒன்றாக வாசித்துவிட்டு நகர்ந்தவர் நாமே அன்றோ? அன்று சொல்லத் தவறியதை இங்கே விரிவாகச் சொல்ல விழைகின்றோம். அரசு அட்டை எவருக்கு, தனியார் காப்பீடு எவருக்கு, இரண்டும் வேண்டுமா என்னும் வினாக்கள் இன்று நம் இல்லங்கள்தோறும் எழுகின்றன.

பணமும் பாதையும்

நம் கொடைக்கானல் ஊர் உருவானதே உடல்நலத்தைத் தேடித்தான். சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சிய அமெரிக்க மிஷனரிமார் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். அவர்கள் நலம் நாடி மலை ஏறினார்கள்; நாமோ இன்று பெரிய நோய் கண்டால் நலம் நாடி மலை இறங்குகிறோம். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளை வைத்தார். மலைவாழ் மக்களாகிய நமக்கு மேலும் இரண்டு உண்டு: ஒன்று பணம், மற்றொன்று பாதை. காப்பீட்டைப் பற்றி எண்ணும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பொது மருத்துவத்தோடு தனியார் காப்பீட்டையும் வைத்துக்கொள்வதா என்னும் வினா நமக்கு மட்டும் உரியதன்று. 1948 ஜூலை 5 முதல் எல்லாருக்கும் பொதுவான மருத்துவப் பணியை நடத்திவரும் இங்கிலாந்திலும், காத்திருப்பைத் தவிர்க்க விரும்புவோர் தனியார் காப்பீடு எடுக்கின்றனர். நம் நாட்டில் 1946-இல் அறிக்கை தந்த போர் குழு, பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்னும் கொள்கையை முன்வைத்தது. அக்கொள்கை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. நிறைவேறிய பகுதியையேனும் நாம் அறிந்து பயன்கொள்ள வேண்டாமா?

அரசு தருவது

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்க. அரசு மருத்துவமனையின் வாயிலில் எவரும் வருமானச் சான்று கேட்பதில்லை. அட்டை இருப்பினும் இல்லாவிடினும் அங்கே சிகிச்சை உண்டு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தேனியிலும் மதுரையிலும் அதற்கு முன்பிருந்தே உள்ளன. சாலை விபத்துக்கு உள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. மலைப்பாதையில் நாள்தோறும் சென்றுவரும் நமக்கு இது சிறிய உதவி அன்று.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் வந்த முதல் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 1 இலட்சம் ரூபாய் வரை அளித்தது. 2012 ஜனவரியில் இன்றைய திட்டம் அதன் இடத்தில் வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின், இணைப்புப் பெற்ற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை என உயர்ந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதற்கு உரியவை. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் உள்ளன.

இதன் பெருஞ்சிறப்பு ஒன்று உண்டு. முன்னமே உள்ள நோயைக் காரணம் காட்டி இந்த அட்டை எவரையும் விலக்குவதில்லை, காத்திருக்கச் சொல்வதுமில்லை. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்கும் அட்டை கிடைத்த நாளிலிருந்து பாதுகாப்பு உண்டு. தனியார் காப்பீட்டில் இது எளிதில் கிட்டாது.

ஆயினும் மூன்று எல்லைகளை அறிந்திருக்க வேண்டும். புறநோயாளியாகச் சென்று வாங்கும் மருந்துக்கு இது பொருந்தாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கே பொருந்தும். திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகள் பலவும் இதில் சேர்ந்துள்ளன. எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்துவிடவில்லை. எங்கே செல்கிறோம் என்பதை ஊர்தியில் ஏறுமுன் தீர்மானித்திருந்தால், நாம் மேலே சொன்ன குடும்பத்தின் நிலம் தப்பியிருக்கக் கூடும்.

அட்டை பெற, குடும்ப அட்டை, அனைவரின் ஆதார் அட்டை, கிராம நிர்வாக அலுவலர் வழியே பெறும் வருமானச் சான்று ஆகியன வேண்டும். இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். மலையில் முகாம் நடக்கும்போது ஒரு நாள் கூலியை இழந்தாவது செல்க. மணமாகி வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் சேர்க்கப்பட்டுள்ளனவா எனப் பாருங்கள். ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் ஞானஸ்நானப் பெயரும் இருப்பது நம் வீடுகளில் வழக்கமான குழப்பம். அதை நோய் வருமுன் சரி செய்க.

70 வயது நிரம்பிய எவருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 இலட்சம் வரை பாதுகாப்பு தரும் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. முதியோர் உள்ள இல்லத்தார் அதனையும் அங்கேயே விசாரிக்கலாம்.

விடுதிகளிலும் கடைகளிலும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் நம் இளைஞருக்கும் ஒரு சொல். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமாகிய இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். "எங்களைச் சேர்த்திருக்கிறீர்களா?" எனப் பணிவோடும் அச்சமின்றியும் முதலாளியிடம் கேளுங்கள். நம் பங்கிலே விடுதி நடத்துவோர் இதை வாசிப்பார்களாயின், கேட்கப்படுமுன்னரே சேர்ப்பது நீதியின் கடமை என்பதை நினைவில் கொள்ளவும்.

தனியார் காப்பீடு எவருக்கு?

மருத்துவக் காப்பீடு நம் நாட்டில் பரவலாக அறிமுகமானது 1986-இல். அன்று பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும் மெடிகிளெய்ம் என்னும் பெயரில் அதனை விற்றன. 2000-க்குப் பின் தனியார் நிறுவனங்களும் வந்தன. இன்று முகவர்கள் நம் வாயிற்படிக்கே வருகிறார்கள்.

இதை எவர் வாங்க வேண்டும்? அரசு அட்டைக்கு உரிய ஏழைக் குடும்பம், அட்டையைப் பெறாமல் கடன்பட்டுத் தனியார் பாலிசி வாங்குவது அறிவுடைமை ஆகாது. முதலில் அட்டை, பிறகு கையில் மிச்சம் இருந்தால் மற்றது. வருமான வரம்பைக் கடந்த குடும்பங்கள், அதாவது கடை வைத்திருப்போர், வாகனம் ஓட்டுவோர், காப்பித் தோட்டம் உடைய கீழ்மலைக் குடும்பத்தார் ஆகியோர் தனியார் காப்பீட்டைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் சம்பளத்திற் பிடித்தம் செய்யும் தனித் திட்டம் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் என்ன என்பதை அவர்கள் இப்போதே கேட்டறிவது நன்று.

ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் ஈட்டும் குடும்பத்தின் நிலை இரங்கத்தக்கது. அரசு அட்டைக்கு வரம்பு மிஞ்சுகிறது. தனியார் பிரீமியத்துக்கோ கை எட்டவில்லை. வருமானத்தைக் குறைத்துச் சான்று வாங்கலாமா எனச் சிலர் நம்மிடமே வந்து கேட்டதுண்டு. பொய்ச் சான்றுக்கு நாம் துணைபோக இயலாது. அத்தகையோர்க்கு ஒரு வழி சொல்வோம். 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஆரோக்கிய சஞ்ஜீவனி என்னும் பொதுவான பாலிசியை விற்க வேண்டுமெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் விதிகள் ஒன்றே. விலை மட்டும் வேறுபடும். ஒப்பிட்டுப் பார்த்து, இயன்ற சிறு தொகைக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சியதற்கு அரசு மருத்துவமனையை நம்புவது அவர்களுக்குத் தகும். மேலும், தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தின்மீது இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது.

படிவத்தில் பொய் வேண்டாம்

நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவர் பாலிசி எடுத்தார். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர். "அதை எழுதினால் பிரீமியம் கூடும், விட்டுவிடுங்கள்" என்றார் முகவர். வணிகரும் படிவத்தைப் படியாமலே கையொப்பமிட்டார். இரண்டாம் ஆண்டு காலில் புண் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தபோது, பழைய மருந்துச் சீட்டு வெளிப்பட்டது. நிறுவனம் தொகையை மறுத்துவிட்டது. முகவரைத் தேடினால் அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். கட்டிய பணமும் போயிற்று, நம்பிய பாதுகாப்பும் போயிற்று.

உண்மையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரீமியம் சற்றுக் கூடியிருக்கும். பழைய நோய்க்குச் சிறிது காலம் காத்திருக்க நேர்ந்திருக்கும். அந்தக் காலம் 36 மாதத்துக்கு மேற்படலாகாது என்பது 2024 முதல் உள்ள விதி. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பாலிசியைப் புதுப்பித்து வந்தவரிடம், மோசடியை மெய்ப்பித்தாலன்றி, "நீ அன்று நோயைச் சொல்லவில்லை" என்று நிறுவனம் தள்ளிவிட முடியாது என்பதும் விதியே. இவையெல்லாம் நேர்மையாளனைக் காக்க வந்தவை. ஆதலின் படிவத்தை முகவர் நிரப்பினாலும், வீட்டில் படித்த பிள்ளையைக் கொண்டு வரி வரியாக வாசிக்கச் செய்து, பின்னரே கையொப்பமிடுக.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவது: எந்த மருத்துவமனை? முன்பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் மருத்துவமனைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் நூறு இருந்து நமக்குப் பயன் என்ன? கொடைக்கானல், வத்தலக்குண்டு, திண்டுக்கல், தேனி, மதுரை ஆகிய ஊர்களில் எவை உள்ளன எனப் பாருங்கள்.

இரண்டாவது: எப்போதிலிருந்து? விபத்து நீங்கலாக, முதல் 30 நாளில் வரும் நோய்க்குப் பொதுவாகத் தொகை கிடையாது. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வது வழக்கம். ஆகவே நோய் வந்தபின் வாங்கலாம் என்பது, மழை வந்தபின் கூரை வேயலாம் என்பது போலாகும். இளமையில், உடல் நலமாக இருக்கும்போதே தொடங்குவது நன்று.

மூன்றாவது: அறை வாடகை எவ்வளவு? இதனை அறியாமல் ஏமாந்தோர் பலர். ஆரோக்கிய சஞ்ஜீவனியில் நாள் வாடகை, காப்புத் தொகையில் 2 விழுக்காடு. 5,000 ரூபாய்க்கு மேற்படாது. 1 இலட்சத்துக்குப் பாலிசி எடுத்தவர்க்கு 2,000 ரூபாய் அறையே உரியது. அவர் 4,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமன்றி, மருத்துவர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம் முதலியவற்றிலும் பாதியே கிடைக்கும்படி நேரிடலாம். இந்தப் பாலிசியில் ஒவ்வொரு முறையும் 5 விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும் என்பதையும் அறிக.

நான்காவது: புதுப்பிக்கும் நாள் எது? நாள் தவறினால் இத்தனை ஆண்டு காத்திருந்த பயனும் கைவிட்டுப் போகக் கூடும். விளைச்சல் வந்த கையோடு பிரீமியத்துக்கென ஒரு தொகையை எடுத்து வைத்துவிடுக.

பாலிசி கைக்கு வந்தபின் மனம் மாறினால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட உரிமை உண்டு. தொகை அநியாயமாய் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுக. ஒரு மாதத்தில் பதில் இல்லையேல், அல்லது பதில் திருப்தி தராவிடின், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஆம்புட்ஸ்மேனுக்கு, எழுதலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

இரு ஐயங்கள்

"நோய் வராவிட்டால் கட்டிய பணம் திரும்ப வருமா, சாமி?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி. வராது. இது சீட்டு அன்று. காட்டுமாடும் பன்றியும் புகாமல் பூண்டுத் தோட்டத்துக்கு வேலி போடுகிறோம். அவ்வாண்டு விலங்கு எதுவும் வராவிடின் வேலிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறோமா? வராத ஆண்டில் நாம் கட்டியது, நோய் வந்த மற்றொரு வீட்டுக்கு உதவியிருக்கும். நமக்கு வரும் ஆண்டில் பிறர் கட்டியது உதவும்.

"காப்பீடு எடுப்பது இறைவனின் பராமரிப்பில் நம்பிக்கை இல்லாமை ஆகாதா?" என மூதாட்டி ஒருவர் வினவினார். நல்ல சமாரியர் காயமுற்றவனுக்குக் கட்டுப்போட்டதோடு நின்றுவிடவில்லை. சாவடிக்காரரிடம் முன்பணம் கொடுத்து, மேலும் செலவானால் தருவதாக உறுதியும் கூறிச் சென்றார். செலவை முன்னறிந்து ஏற்பாடு செய்வதும் அன்பின் செயலே என அவருக்கு விடை கூறினோம்.

பாதைக்கும் பணம் வேண்டும்

இரண்டு அட்டைகளும் கையில் இருந்தாலும், உடன் செல்பவரின் உணவு, தங்குமிடம், மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. மலையேறித் திரும்பும் வண்டி வாடகை, அந்நாட்களில் இழக்கும் கூலி ஆகிய இவற்றை எவரும் முழுமையாகத் தருவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் பத்தாயிரம் ரூபாயேனும் தனியே ஒதுக்கி வைக்க முயல்க. அதுவும் இயலாத வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வீட்டாருக்கு வழிச்செலவுக்கென்று, வின்சென்ட் தே பவுல் சபையாரோடு சேர்ந்து, ஒரு சிறு பொதுநிதியை நம் பங்கில் தொடங்கியிருக்கிறோம். வட்டியின்றிக் கொடுத்து, விளைச்சலில் திரும்பப் பெறுவது அதன் முறை.

இனி, இந்த இதழை மடித்து வைக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து உங்கள் காப்பீட்டு அட்டை எந்த ஆண்டினது, எவரெவர் பெயர் அதில் உள்ளது எனப் பாருங்கள். அந்த அட்டையோ பாலிசியோ செல்லும் மருத்துவமனைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் ஆபத்து வரும்போது தேட நேரமிராது. அட்டை இல்லாத அண்டை வீட்டார்க்குச் சொல்லுங்கள். அவர் எம்மதத்தினராயினும் சொல்லுங்கள்.

மேல்மலைக் குடும்பம் இப்போது புதிய அட்டை பெற்றுவிட்டது. அட்டையைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார் அந்த அம்மாள். நிலம் இன்னும் ஒத்தியில்தான் இருக்கிறது. மீட்க மூன்று விளைச்சல் ஆகும் என்கிறார். அடுத்த முகாம் அறிவிக்கப்படும் ஞாயிறன்று நாம் அதை வாசித்துவிட்டு நகரப்போவதில்லை. திருப்பலி முடிந்ததும் கோயில் வாயிலிலே நாற்காலி போட்டு அமர்ந்திருப்போம். குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு வாருங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த நம் இளைஞர் உடனிருப்பர்.